முறத்தில் பொறுக்கிய வெள்ளை மணிகள்

மன்னார்குடி

கண்ணு,

நேற்று போனில் நீ சொன்னது ராத்திரி முழுக்க மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. ரேஷன் அரிசியை இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு, சின்னவனுக்கு மட்டும் கடையில் பொன்னி வாங்கிக் குழைக்கிறாயாம். கேட்டால், "அதுல பிளாஸ்டிக் அரிசி கலக்குறாங்கம்மா" என்கிறாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் முதலில் அதை முறத்தில் கொட்டி மணி மணியாய்ப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டவள்தான். சுண்ணாம்பாய் வெளுத்திருக்கும், களையும்போது நாலு மணி மிதக்கும். யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அப்புறம் ஒரு நாள் அங்கன்வாடி டீச்சர் ஊறின மணி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து நசுக்கச் சொன்னார். மாவாய்ப் போனது. பிளாஸ்டிக் இல்லையாம், சத்துக்காக ரேஷன் அரிசியில் கலக்கிற செறிவூட்டின அரிசி மணியாம். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 எல்லாம் பிசைந்து, இடியாப்பம் பிழிகிற மாதிரி மெஷினில் பிழிந்து, அரிசி அளவுக்கு நறுக்கிக் காயவைப்பார்களாம். நூறு பங்கு அரிசிக்கு அதில் ஒரு பங்கு, அதாவது கிலோவுக்குப் பத்தே கிராம். அந்தப் பத்து கிராமைத்தான் நான் பொறுக்கி எறிந்திருக்கிறேன். கோழி நன்றாகத்தான் இருந்தது. உன் அண்ணன் மகளுக்கு ரத்தம் எட்டு பாயிண்ட் என்று ஆஸ்பத்திரிக்கு அலைந்ததும் அந்த வருஷம்தான்.

நம் வீட்டில் சோறு வடித்துத்தான் பழக்கம். சின்னவனுக்கு ரேஷன் அரிசியில் செய்யும்போது வடிக்காதே. ஃபோலிக் அமிலமும் பி12-ம் தண்ணீரில் கரைகிறவை, கஞ்சியோடு போய்விடும். நாலைந்து தடவை களையவும் வேண்டாம். ஒரு பிடி பாசிப்பருப்போடு தண்ணீர் அளந்து வைத்துக் குக்கரில் குழைய விடு. இறக்கி ஆறினதும் எலுமிச்சை நாலு சொட்டு விட்டால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். தாய்ப்பாலை நிறுத்திவிடாதே, எட்டு மாதம்தானே ஆகிறது. சில மாதம் அரிசியில் வாடை அடிக்கும், அது எனக்கும் தெரியும். அந்த மாதம் பொன்னியே போடு, சண்டைக்கு வரமாட்டேன்.

கொல்லையில் ஒரு பாத்தி சர்க்கரைவள்ளி போட்டிருந்தேன். பொங்கலுக்குப் போடுகிற வெள்ளைக் கிழங்கு இல்லை, உள்ளே பறங்கிப் பழ நிறம். பூ சோனா என்று பெயர், திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்து ரகம். நூறு கிராமில் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கிறதாம். உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும், கண்ணுக்கு நல்லது. ஆவியில் வேகவைத்துத் தோலை உரித்து, அரை ஸ்பூன் நெய் விட்டு மசித்துக் கொடு. நெய் இல்லாமல் அந்தச் சத்து சரியாகச் சேராது.

துத்தநாகம் கூடுதலாக உள்ள நெல்கூட வந்திருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். "வியாபாரி எடுப்பானா?" என்றார். அந்தப் பேச்சு அதோடு சரி.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை திருப்பூருக்குக் கிளம்பும்போது கொடுத்தனுப்புகிறேன். கிழங்கு அடியில், முருங்கைக்கீரை மேலே. பையை பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் தள்ளாமல் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல். போன தடவை கீரை முழுக்க நசுங்கிப் போச்சு.

அம்மா