கில்போர்ன் அவென்யூல ஒரு போர்டு வைங்க: மில்வாக்கி சிட்டி கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

கவுன்சிலர்களுக்கு வணக்கம்,

தமிழ்லதான் எழுதுறேன், உங்க ஆபீஸ்ல நம்மாளு யாராவது இருந்தா படிச்சு சொல்லட்டும்.

டவுன்டவுன்ல கவுண்டி கோர்ட்டுக்கு நேரா போய் முட்டுற ரோட்டுக்கு பைரன் கில்போர்ன் பேர வச்சிருக்கீங்க. ஊர உருவாக்குன மூணு பேர்ல ஒருத்தரு, ரெண்டு தடவ மேயரு, வைக்க வேண்டியதுதான். 1870ல ஃப்ளோரிடால செத்தவரோட எலும்ப 1998ல எடுத்துட்டு வந்து இங்க ஃபாரஸ்ட் ஹோம் கல்லறைல அடக்கம் பண்ணி மரியாதையும் செஞ்சாச்சு. அவரு நடத்துன லா கிராஸ் அண்ட் மில்வாக்கி ரயில் கம்பெனிய நம்பி நிலத்த அடகு வச்ச விவசாயிங்க கதையையும் அதே ரோட்டுல எழுதி வைங்கன்னு கேக்கத்தான் இந்த மடல்.

கில்போர்ன்னாலே எல்லாரும் லஞ்சத்ததான் பேசுவாங்க, அதுவும் சும்மா இல்ல. 1856ல அமெரிக்க காங்கிரஸ் நம்ம ஸ்டேட் விஸ்கான்சினுக்கு ரயில் போட நிலம் குடுத்துச்சு, பாதைக்கு ரெண்டு பக்கமும் ஆறாறு மைல் தூரத்துக்கு ஒண்ணு விட்டு ஒண்ணா 640 ஏக்கர் கட்டங்க. அத எந்த கம்பெனிக்கு குடுக்குறதுன்னு முடிவு பண்ண வேண்டியது ஸ்டேட் சட்டசபை, கில்போர்ன் என்ன பண்ணாருன்னா கம்பெனி பாண்ட, அதாவது கடன் பத்திரத்த, அச்சடிச்சு 13 செனட்டருக்கு, அசெம்பிளில ஏறக்குறைய 60 பேருக்கு, கவர்னர் கோல்ஸ் பாஷ்ஃபோர்டுக்கு மட்டும் தனியா 50,000 டாலருக்குன்னு பந்தி வச்ச மாதிரி பரிமாறிட்டாரு. 1858ல விசாரணை கமிட்டி போட்டு எல்லாத்தையும் வெளிய கொண்டாந்தாங்க. இதுல கூத்து என்னன்னா, கம்பெனி படுத்துட்டதால வாங்குன பாண்டும் வெத்து பேப்பராச்சு, பாஷ்ஃபோர்டு மட்டும் முன்னாடியே கொஞ்சத்த காசாக்கிட்டாரு, அப்புறம் அரிசோனா போய் அங்க அட்டர்னி ஜெனரல் வேற ஆனாரு!

ஆனா எனக்கு வயிறு எரியிறது வேற இடத்துல. 1850கள்ல விவசாயி கையில ரொக்கம் கிடையாது, நிலம்தான் இருந்துச்சு. ஏஜென்ட் வீட்டுக்கே வந்து சொல்லுவான், நிலத்த அடமானம் எழுதிக்குடு, அதே தொகைக்கு ஷேர் தர்றோம், 8 சதவீத வட்டிய கம்பெனியே கட்டிரும், ஷேருக்கு வர்ற லாபப் பங்குல (டிவிடெண்ட்) கழிச்சுக்குவோம், நீ கையிலருந்து ஒரு காசு போட வேணாம், உன் ஊருக்கு ரயிலும் வரும், கோதுமைக்கு நல்ல வெலையும் வரும்னு. யாருதான் வேணாம்பா. கையெழுத்து போட்ட பேப்பர கம்பெனி நியூயார்க் பக்கம் கொண்டு போய் தள்ளுபடில வித்து காசாக்கிருச்சு, அதாவது அடமானம் இப்ப முன்னபின்ன தெரியாத எவனோ ஒருத்தன் கையில. 1857ல மார்க்கெட் விழுந்துச்சு, கம்பெனி வட்டி கட்டுறத நிறுத்திருச்சு, ஷேரு குப்பைக்கு போச்சு, அடமான பேப்பர் மட்டும் உசுரோட இருந்துச்சு.

விஸ்கான்சின் முழுக்க பல ரயில் கம்பெனிங்க கிட்ட இப்படி மாட்டுன விவசாயிங்க ஏறக்குறைய 6,000 பேரு. ஏமாத்திட்டாங்கன்னு சங்கம் கட்டி கத்துனாங்க, சட்டசபையும் ஓட்டுக்கு பயந்து பத்துக்கு மேல நிவாரண சட்டம் போட்டுச்சு, ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் அதெல்லாம் செல்லாதுன்னுருச்சு. பேப்பர் வாங்குனவன் என்ன தப்பு பண்ணான், ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான்னு வாதம். சட்டப்படி அது சரியாவே இருக்கட்டும், ஏஜென்ட் வாயால சொன்னத எந்த கோர்ட் கணக்குல எடுத்துச்சு?

ரயில் லா கிராஸ் ஊரு வரைக்கும் 1858ல போய் சேந்துச்சு, அத மறுக்கல. ஆனா லஞ்சம் குடுத்து வாங்குன அந்த நில மானியத்துல வடமேக்கா செயின்ட் குரோய் ஆத்துப் பக்கம் போட வேண்டிய லைன இந்த கம்பெனி போடவே இல்ல. நியூபோர்ட்னு ஒரு ஊரு, விஸ்கான்சின் ஆத்த தாண்டுற ரயில் பாலம் இங்கதான் வருதுன்னு நம்பி ஜனம் குவிஞ்ச ஊரு, பாலத்த ஆத்தோட மேல்பக்கமா தள்ளி கில்போர்ன் சிட்டில கட்டவும் காலியாப் போச்சு. அந்த கில்போர்ன் சிட்டிகூட 1931ல விஸ்கான்சின் டெல்ஸ்னு பேர மாத்திக்கிச்சு. டூரிஸ்டுக்காகத்தான், இருந்தாலும் மாத்துனாங்கல்ல.

உங்கள பேர மாத்த சொல்லல. கோர்ட் வாசல்கிட்ட, ரோட்டுப் பேரு போட்ட கம்பத்துக்கு கீழ ஒரு போர்டு வைங்க. அதுல லஞ்சம் வாங்குனவங்க பேரு வேணாம், அடமானம் எப்படி எழுதி வாங்குனாங்க, எத்தன குடும்பம், கோர்ட் என்ன சொல்லுச்சு, இவ்வளவு இருந்தா போதும். அடுத்த பட்ஜெட் மீட்டிங்ல எடுத்துக்கோங்க, பெரிய செலவில்ல.

இப்படிக்கு,
அந்த ரோட்டுல தினமும் போற ஒருத்தன்