டாக்டரோடு கல்யாணம், ஆங்கிலத்தில் 'டு'

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார மாணவர் பக்கத்தில் 'டு', 'அட்', 'இன்' போன்ற ஆங்கில ப்ரிபொசிஷனுக்கு 30 கோடிட்ட இடங்களும், அடியில் தலைகீழாக விடைகளும் போட்டிருந்தீர்கள். பெரம்பூரில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 9 பேருக்கு அதைக் கொடுத்தேன். எல்லாருமே நன்றாகப் போட்டார்கள். மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னால், அதே பிள்ளைகளில் ஒருத்தி அக்காவைப் பற்றி 'மேரீட் வித் எ டாக்டர்' என்று எழுதியிருந்தாள். "டாக்டரோடதானே மிஸ் கல்யாணம்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயம். தமிழில் 'ஓடு' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் 'டு' வருகிறது. இதைக் கவனக்குறைவு என்று திட்டுவது தப்பு. தெரிந்த வேற்றுமை உருபைத்தான் அங்கே கொண்டுபோய் வைக்கிறாள். 'கணக்கில் கெட்டி' என்பதால்தான் 'குட் இன் மேத்ஸ்' என்று எழுதுகிறார்கள். அங்கே 'அட்' வேண்டும். ஆனால் 'வீக்' என்றால் 'இன்' சரி. இதற்கெல்லாம் விதி சொல்ல முடியாது, சொல்லோடு சேர்த்தே வாயில் பழக வேண்டும்.

தமிழே கைகொடுக்கும் இடங்களும் உண்டு. ஒருநாள் சாக்பீஸ் ஒன்றை ஒரு பையனிடம் மெதுவாகப் போட்டேன், பிடித்துக்கொண்டான். இன்னொன்றை அவன் மேல் விட்டெறிந்தேன், தோளில் பட்டுத் தெறித்தது. 'அவனிடம்' போட்டது 'த்ரோ டு', 'அவன் மேல்' எறிந்தது 'த்ரோ அட்'. அப்புறம் 'ஷவுட் அட்', 'லாஃப் அட்' இரண்டையும் அவர்களே சொன்னார்கள். அவனோடு சேர்ந்து சிரித்தால் 'வித்', அவனைப் பார்த்துக் கேலியாகச் சிரித்தால் 'அட்'. அதற்குப் பிறகு அந்த 9 பேரில் ஒருவரும் இதில் தடுமாறவில்லை.

வண்டி விஷயமும் அப்படித்தான். ஆட்டோவில், பஸ்ஸில், தாம்பரம் மின்சார ரயிலில் என்று நமக்கு எல்லாமே 'இல்'. ஆங்கிலத்தில் ஆட்டோவுக்கும் காருக்கும் 'இன்', பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் 'ஆன்'. உள்ளே எழுந்து நடக்க முடிந்தால் 'ஆன்' என்று சொல்லிக் கொடுக்கிறேன். சைக்கிளுக்கும் 'ஆன்'தான், மேலே உட்காருகிறோமே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் மாணவி ஒருத்தி 'ஆன் தி வீக்கெண்ட்' என்று எழுதியதற்குப் பள்ளியில் மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். பிரிட்டனில் 'அட்', அமெரிக்காவில் 'ஆன்'. அவள் எழுதியது ஒரு நாடே பேசும் ஆங்கிலம். அழுதுகொண்டே நோட்டைக் காட்டினாள். எனக்கு மனசே ஆறவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். 30 கோடிட்ட இடங்களுக்குப் பதில் 5 முழு வாக்கியம் போடுங்கள், பக்கத்திலேயே அதே விஷயத்தை நாம் தமிழில் எப்படிச் சொல்வோம் என்பதையும் போடுங்கள். இரண்டு வழக்கு இருந்தால் இரண்டும் வரட்டும். சென்ற வார விடைகளில் 'டிஃபரெண்ட்' என்ற சொல்லுக்கு 'ஃப்ரம்' மட்டும்தான் இருந்தது. பிரிட்டனில் 'டு'வும் சொல்கிறார்கள், அமெரிக்காவில் 'தேன்' (than) உண்டு. 'ஃப்ரம்' எழுதினால் இரண்டு நாட்டிலும் செல்லும் என்று அடுத்த வாரம் ஒரு வரி சேர்த்தால், அந்தப் பக்கத்தை வெட்டி டியூஷன் சுவரில் ஒட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியை,
பெரம்பூர், சென்னை