தெருப்பெயரை நம்பாதே

ராயபுரம், ஞாயிறு

அன்புள்ள சேகர்,

பேரன் பிறந்த சேதியில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். திருப்பூரில் வடக்கத்தித் தொழிலாளர் எங்கெங்கே குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கப் போகிறாயாமே, நல்லது. ஆனால் "தாமாகவே சேர்ந்து வசிக்கிறார்கள்" என்று ஆரம்பத்திலேயே எழுதிவிட்டாய். அதுதான் உறுத்துகிறது.

நம்ம வட சென்னைப் பக்கத்தையே பார். 1707-ல் வலங்கை, இடங்கை என்று இரு அணியாகப் பிரிந்திருந்த சாதிகள் மோதிக்கொண்டபோது, பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கைக்கும் முத்தியால்பேட்டையை இடங்கைக்கும் ஒதுக்கியவர் கம்பெனி கவர்னர் தாமஸ் பிட். பிறகு பிரெஞ்சுக்காரர் பயத்தில், கோட்டையை ஒட்டி நம்மவர்கள் குடியிருந்த கறுப்பர் பட்டணத்தையே இடித்து வெட்டவெளியாக்கினார்கள். ஐகோர்ட் நிற்பது அங்கேதான். அந்த வெளிக்கு எல்லையாக 1773-ல் நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் இருக்கிறது. இதில் குடியிருந்தவன் விருப்பம் எங்கே வந்தது?

சௌகார்பேட்டை வேறு மாதிரி. வடக்கே மார்வாடி ஊரிலிருந்து வந்த பையன் உறவுக்காரர் கடையில் தங்கித் தொழில் பழகுவான். அவர்களிடமே கடன் வாங்கி, அடுத்த தெருவில் கடை போடுவான். கீழே கடை, மேலே வீடு. பர்மாவிலிருந்து 1964-ஐ ஒட்டி வந்தவர்கள் கதை இரண்டும் கலந்தது. வியாசர்பாடி, எண்ணூர்ப் பக்கம் குடியமர்த்தப்பட்டார்கள். பிழைப்போ 1969-லிருந்து பர்மா பஜாரில்.

தெருப்பெயரையும் நம்பாதே. ஆர்மீனியர் தெரு நம் வாயில் அரண்மனைக்காரன் தெருவாகிவிட்டது. 1772-ல் கட்டிய அவர்கள் மாதா கோயில் இருக்கிறது, அவர்கள் இல்லை. பவழக்காரத் தெருவில் யூத வியாபாரிகளும் அப்படித்தான்.

இப்போது கணக்கு. நான்கு தெரு என்று வை. வந்தவர்கள் 70, 20, 10, 0. உள்ளூரார் 100, 200, 300, 400. ஒவ்வொரு தரப்பின் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு அந்தத் தெருவில் என்று பார்த்து, தெருவுக்குத் தெரு ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, கூட்டல் கழித்தல் குறியைப் பார்க்காமல் கூட்டிப் பாதியாக்கு: 60 வரும். அதாவது, வந்தவர்களில் 100-க்கு 60 பேர் வீடு மாறினால்தான் பரவல் சமமாகும். ஆனால் முதல் தெருவையும் நாலாவதையும் ஒரு வார்டாக, மற்ற இரண்டை இன்னொரு வார்டாகச் சேர்த்தால் அதே ஜனங்களுக்கு 20-தான் வரும்! வார்டுக் கணக்கை மட்டும் எடுத்தால் இப்படித்தான் ஏமாறுவாய். தெருவாரியாக எடு, முடிந்தால் காம்பவுண்ட் வாரியாக.

படிவத்தில் மூன்று கேள்வி சேர்த்துக்கொள்: இந்த அறையைக் காட்டியது யார்? அட்வான்ஸ் கட்டியது யார்? இதற்கு முன் எத்தனை வீட்டில் 'இல்லை' என்றார்கள்? கான்ட்ராக்டர் பிடித்துக்கொடுத்த லைன் வீடு என்றால் தனிக் குறி போடு. மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது மட்டும் கேட்காதே.

அன்புடன்,
குணா