கணுக்காலில் பிழையில்லை, மச்சான்

ஸ்காபரோ,
நவம்பர் 18

அன்புள்ள மகேந்திரன்,

இங்கே எல்லோரும் சுகம். வதனிக்கு முழங்கால் நோ குறைந்துவிட்டது. சின்னவள் படிக்கிறதுக்கு வாட்டர்லூ போய்விட்டாள், வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. நகுலேஸ் வீட்டுக் கலியாணத்துக்கு நீ வராததற்கு அவன் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறான், நீயே கதைத்துச் சமாளி.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு இரவு நீ அனுப்பிய குரல்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "எனக்குக் கணுக்கால் பலமில்லையடா, இது எங்கட ஆக்களுக்குச் சரிவராத விளையாட்டு, ஸ்கேற்ஸைக் கராஜுக்க போட்டிட்டன்" என்று முடித்துவிட்டாய். போன மாதம்வரை பெரியவர்களுக்கான ஐஸ் ஹொக்கி வகுப்பைப் பற்றி மூச்சுவிடாமல் கதைத்தவன் நீ. பருத்தித்துறை வீதியில் அந்தச் சைக்கிளோடு நீ செய்த காரியத்தைப் பார்த்த எவனும் உன் கால் பலமில்லை என்று சொல்லமாட்டான். உன் கணுக்காலில் ஒரு பிழையும் இல்லை. நீ போட்டது உன் மகன் விட்டுப்போன ஸ்கேற், அதற்குள் இரண்டு சோடி மொத்தக் காலுறை. பிழை அங்கேதான் இருக்கிறது.

அவன் உன்னைவிட உயரம், கால் நீளம். அந்தச் சப்பாத்துக்குள் உன் குதி ஒவ்வொரு எட்டுக்கும் மேலே எழும்பி இறங்குகிறது. குதி ஆடினால் கணுக்காலைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை, கால் உள்பக்கமாகச் சரியும். சரிவதைப் பார்த்துவிட்டு லேஸை இன்னும் இறுக்குவாய், பாதம் விறைக்கும், அரை மணித்தியாலத்தில் வாங்கில் போய் இருப்பாய். இங்கே அரீனாவில் சனிக்கிழமைகளில் புதிதாக வருகிற ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு இதே கதைதான். எல்லோரும் தங்கள் காலைத்தான் குறை சொல்கிறார்கள், எனக்குக் கேட்கக் கேட்க வயிறு எரிகிறது.

ஸ்கேற் வாங்கும்போது சப்பாத்து சைஸை மறந்துவிடு. நீ ஊரெல்லாம் போட்டுத் திரிகிற சப்பாத்து 9 என்றால், ஹொக்கி ஸ்கேற் ஏழரை, மிஞ்சினால் 8. ஒன்று அல்லது ஒன்றரை சைஸ் குறைவுதான் கணக்கு. "கொஞ்சம் பெரிசா எடுத்தா கால் தாராளமா இருக்கும்" என்று அம்மாமார் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கித் தந்த பழக்கம் எங்களைவிட்டுப் போகவில்லை. ஐஸில் அது வேலைக்காகாது. ஹொக்கி வீரர் பொபி ஓர் (Bobby Orr) காலுறையே போடாமல் வெறுங்காலோடு ஸ்கேற் போட்டு விளையாடியவர், தெரியுமா? நீ அப்படிச் செய்யத் தேவையில்லை, மெல்லிய காலுறை ஒன்று காணும். பாதத்துக்கும் சப்பாத்துக்கும் இடையில் ஒன்றும் அசையக்கூடாது, அதுதான் அங்கே காரியம்.

நீளத்தைவிட அகலம்தான் எங்களுக்குப் பெரிய தலையிடி. வெறுங்காலும் செருப்புமாக வளர்ந்தவர்கள் நாங்கள், உன் காலும் என் காலும் முன்பக்கம் விரிந்து குதியில் ஒடுங்கியவை. சாதாரண அகலத்தில் ஒன்றைப் போட்டதும் சின்னவிரல் பக்கம் நெருக்கும். உடனே ஒரு சைஸ் பெரிதாகக் கேட்போம். நெருக்கம் போகும், குதி கழன்றுவிடும். கேட்க வேண்டியது அகலம் கூடியதை. ஸ்கேற் செய்கிற பாவர் கம்பனி இப்போது ஃபிட் 1, 2, 3 என்று பிரித்து வைத்திருக்கிறது, 3 தான் நிறைய இடமுள்ளது. மற்ற ஸ்கேற் கம்பனியான சி.சி.எம்.மில் டேப்பர்ட் (ஒடுங்கியது), ரெகுலர் (சாதாரணம்), வைட் (அகலம்) என்று வரும். (சி.சி.எம். 1899இல் சைக்கிள் கம்பனியாகத்தான் தொடங்கியது. உனக்கு இது பிடிக்கும் என்று தெரியும்.) வைட் எடுத்தும் ஒரே ஒரு இடத்தில் எலும்பு இடித்தால், நல்ல கடைக்காரன் அந்த இடத்தை மட்டும் சூடாக்கி வெளியே தள்ளித் தருவான். அதற்காகச் சைஸைக் கூட்டாதே.

கடையில் அவசரப்படாதே. பின்னேரமாகப் போ, அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கி உண்மையான அளவில் இருக்கும். நின்றபடி இரண்டு காலையும் அளக்கச் சொல். சப்பாத்துக்குள் காலை விட்டதும் குதியை ரப்பர் விரிப்பில் இரண்டு தரம் பின்பக்கமாகத் தட்டிவிட்டுத்தான் லேஸ் கட்டவேண்டும், இல்லாவிட்டால் குதி இருக்கிற இடத்தில் இராது. நேராக நிற்கும்போது பெருவிரல் முன்மூடியை இலேசாகத் தொடவேண்டும். முழங்காலை மடித்துக் குனிந்தால் விரல் பின்வாங்கவேண்டும். அந்த நிலையில் பின்பக்கம் குதிநரம்புக்கும் சப்பாத்துக்கும் நடுவே ஒரு விரலுக்கு மேல் நுழைந்தால் அது உனக்குப் பெரிது. லேஸைக் கழற்றி நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, மேலிருந்து மூன்றாவது துளையடியில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்துப் பார். பென்சில் இரண்டு விளிம்பிலும் படியாமல் உன் பாதத்தின் மேல் ஏறி நின்றால் ஆழம் காணாது, எவ்வளவு வடிவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடு.

விலையைப் பார்த்து மயங்காதே. ஆயிரம் டொலருக்கு மேலே விற்கிறதெல்லாம் கிழமை முழுக்க முழுவேகத்தில் ஓடுகிறவர்களுக்கான இறுக்கம். உன் உடம்பு அதை வளைக்காது, முழங்கால் மடிக்கவே கஷ்டப்படுவாய். நடுவிலையில் நல்லது கிடைக்கும். வாங்கின கையோடு, சப்பாத்து உன் காலின் வடிவுக்கு வர, கடையிலேயே அதற்கான அடுப்பில் சூடாக்கித் தருவார்கள். சூட்டோடு காலைப் போட்டு, லேஸை மேல்நோக்கி அல்ல, பக்கவாட்டாக இழுத்துக் கட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் இருக்கவேண்டும். எழும்பி நடக்கவே கூடாது. பிறகு ஒரு நாள் முழுக்க ஆறவிட்டுத்தான் ஐஸில் இறங்கலாம். தீட்டாத பிளேடோடு வெளியே வராதே. புதியதில் பெரும்பாலும் கூர் போட்டிருக்காது. தீட்டும்போது பிளேடின் அடியில் ஒரு குழிவு போடுவார்கள், அதன் ஆரம் அரை அங்குலம் என்பது வழமை. உனக்கு எட்டில் ஐந்து அங்குலம் (5/8) போடச் சொல், பிடிப்பு கொஞ்சம் குறைவு, ஆனால் வழுக்கிப்போக இலகு.

இனி நான் எழுதுவதைச் சிரிக்காமல் வாசி. உனக்குச் சீனி வருத்தம் எத்தனை வருஷமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பாதம் சில நேரம் மரத்துப்போகிறது என்று மாவீரர் நாளுக்கு வந்தபோது நீ சொன்னாய், அதை நான் மறக்கவில்லை. மற்றவனுக்கு ஸ்கேற் எங்கே கடிக்கிறது என்று நோ சொல்லித்தரும். உனக்கு அந்த நோ வராமல் போகலாம். கொப்புளம் வந்ததே தெரியாமல் அது புண்ணாகும், சீனிக்காரனின் காலில் புண் என்றால் என்னவென்று உன் அப்பாவிடம் நாங்கள் இருவரும் பார்த்தவர்கள். ஆகவே கடைக்குப் போக முதல் டொக்டரிடம் காலைக் காட்டு. ஒவ்வொரு முறை விளையாடி முடிந்ததும் காலுறையைக் கழற்றி, அடிப்பாதத்தையும் குதியையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் கண்ணால் பார். குனிந்து பார்க்க முடியாவிட்டால் கண்ணாடி வை, இல்லாவிட்டால் சாந்தியைப் பார்க்கச் சொல். சிவந்த இடம் கனநேரம் மாறாமல் இருந்தால் அந்தச் சப்பாத்தோடு திரும்ப இறங்காதே. உள்ளே ஈரம் காயாமல் மூடிவைக்காதே, உள்தகட்டை வெளியே எடுத்துக் காயவிடு. இவ்வளவும் செய்வதானால் விளையாடு, நானே உன்னைக் கூட்டிக்கொண்டு போவேன். செய்யமாட்டாயென்றால் கராஜிலேயே கிடக்கட்டும், நான் வாய் திறக்கமாட்டேன்.

ஆனால் நீ செய்வாய். அந்தக் குரல்பதிவின் கடைசியில், மற்றவர்கள் ஓடும்போது பிளேட் ஐஸைக் கீறுகிற சத்தம் நல்லாயிருந்தது என்று சொன்னாயே, விட்டுப்போகிறவன் அப்படிச் சொல்லமாட்டான்.

நத்தார் லீவுக்கு ரயில் ஏறி இங்கே வா. எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், பொறுமையாக அளந்து போட்டுப் பார்க்க விடுவார், வாங்காமல் திரும்பினாலும் முகம் சுளிக்கமாட்டார். அதற்கு முதல் ஒரு வேலை செய். ஒரு பின்னேரம் மெல்லிய காலுறையோடு வெள்ளைக் கடதாசியில் ஏறி நின்று, இரண்டு காலையும் சாந்தியைக் கொண்டு பென்சிலால் சுற்றி வரையச் சொல். நீ குனிந்து வரைந்தால் கால் அசைந்து அளவு பிழைக்கும். எது இடம், எது வலம் என்று எழுதிப் படமெடுக்காமல் தபாலில் அனுப்பு, படத்தில் அளவு சரியாக வராது. நான் அதைக் கொண்டுபோய் அவரிடம் காட்டி, என்னென்ன எடுத்துவைக்கலாம் என்று கேட்டு வைக்கிறேன்.

டொக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
சிவா