கடன் தீர்ந்தது, ரசீது எங்கே?

வீட்டுக்கடன் வழங்கும் வங்கிகள், வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் ஆகியவற்றின் தமிழ்நாட்டு மண்டல மேலாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில், பதினொன்றரை மணி டோக்கன் ஒன்று மூன்றாவது முறையாக வீணாய்ப் போனது. கடனைக் கட்டி முடித்தவர் வந்திருந்தார். சாட்சிகள் இருவரும் ஆதார் அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். கடன் தீர்ந்தது என்று வங்கி எழுதிப் பதிந்து தர வேண்டிய ரசீது ஆவணம் அச்சடித்துத் தயாராக இருந்தது. எழுதிக்கொடுக்க வேண்டிய வங்கி அதிகாரி மட்டும் வரவில்லை. முதல் முறை கிளையில் தணிக்கை என்றார்கள். இரண்டாம் முறை, வங்கி சார்பில் கையெழுத்திடப் பவர் (அதிகாரப் பத்திரம்) பெற்ற அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், புதியவருக்கு இன்னும் பவர் வரவில்லை என்றார்கள். மூன்றாம் முறை போனையே எடுக்கவில்லை. அந்த வீட்டின் கிரய ஒப்பந்தக் கெடு அந்த வாரத்தோடு முடிந்தது. எந்த வங்கி என்று எழுதப் போவதில்லை. படிக்கும் உங்களில் பலருக்கு நம் கிளையாக இருக்குமோ என்று தோன்றும், தோன்றட்டும்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள், மூலப்பத்திரங்களைத் திருப்பித் தருவதோடு நில்லாமல், எம்.ஓ.டி.க்கு, அதாவது கடன் வாங்கும்போது உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்ததாகப் பதிந்த ஆவணத்துக்கு, உரிய ரசீதையும் பதிந்து கொடுங்கள்.

என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) கொடுத்துவிட்டோமே என்பது உங்கள் கிளைகளின் வழக்கமான பதில். அது உங்கள் கடிதத்தாளில் உள்ள கடிதம். சொத்து ஆவணங்கள் பதிவாகும் சார்பதிவாளரின் 1 புத்தகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வில்லங்கச் சான்று அந்தப் புத்தகத்தில் இருப்பதைத்தான் காட்டும். உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்த ஆவணம் அதில் ஒரு வரியாக ஏறியிருக்கிறது. ரசீது பதிந்தாலும் அந்த வரி அழியாது. அதன் எண்ணை முந்தைய ஆவண எண்ணாகக் காட்டி இன்னொரு வரி வரும், அவ்வளவுதான். அந்த இரண்டாவது வரி இல்லாத வீட்டுக்கு எந்த வழக்கறிஞரும் சட்டக் கருத்து எழுதமாட்டார், வாங்குபவரின் வங்கி காசோலை தராது. வேடிக்கை என்னவென்றால், இன்னொரு வங்கியின் ரசீது பதிவாகாத வீட்டுக்கு நீங்களும் கடன் தருவதில்லை.

சட்டத்தில் மழுப்பலும் இல்லை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 60ஆம் பிரிவைப் பாருங்கள். பணம் கட்டியவர் கேட்டால், அடமானம் பதிவு ஆவணத்தால் ஏற்பட்டிருக்கும் பட்சத்தில், உரிமை தீர்ந்தது என்ற ஒப்புகையை எழுதி, பதிந்தும் கொடுக்க வேண்டியது அடமானம் பெற்றவரின் கடமை. செலவு கடன் வாங்கியவருடையது. அந்தச் சில நூறு ரூபாயைத் தர மாட்டேன் என்று யாரும் சொன்னதில்லை. 2023 செப்டம்பர் 13ஆம் தேதி ரிசர்வ் வங்கி இட்ட உத்தரவோ இன்னும் நேரடியானது. 30 நாளில் அசல் பத்திரங்களைத் தர வேண்டும், எந்தப் பதிவகத்தில் பதிவான பொறுப்பையும் நீக்க வேண்டும், உங்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறை. நீங்கள் செர்சாய் என்ற மத்திய அடமானப் பதிவேட்டில் நீக்கிவிட்டு, முடிந்தது என்கிறீர்கள். சார்பதிவாளர் அலுவலகம் பதிவகம் இல்லையென்றால், கடன் கொடுத்த அன்று எதற்காகக் கடன் வாங்கியவரை அங்கே அழைத்துப் போனீர்கள்?

ரசீது பதிவானாலும் பல நேரம் வேலை முடிவதில்லை. கிளையில் பழைய படிவத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அடிக்கிறார்கள். சொத்து விவரத்தில் உட்பிரிவுக்கு முந்தைய சர்வே எண் நிற்கிறது, அல்லது எம்.ஓ.டி. எண் சரி, ஆண்டு தவறு. அந்த ரசீது சொத்தோடு ஒட்டாமல் எங்கோ தனியாக நிற்கும். பிறகு பிழைதிருத்தல் ஆவணத்துக்காக அதே அதிகாரியை மறுபடி வரவழைக்க வேண்டும். எம்.ஓ.டி. நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொத்து விவரத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்து எழுதினால் இது நேராது. இடையில் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணோடு புதிய எண்ணையும் சேர்த்துக் காட்டினால் போதும்.

அதே வீட்டின் மேல் கூடுதலாக வாங்கும் டாப்-அப் கடன் இன்னொரு கண்ணி. இரண்டாவது கடனுக்குத் தனியாக ஒரு எம்.ஓ.டி. பதிந்திருப்பீர்கள். முடிக்கும்போது முதலாவதற்கு மட்டும் ரசீது வரும். கடனை வேறு வங்கிக்கு மாற்றியவர் கதி அதைவிட மோசம். புது வங்கி பத்திரத்தை வாங்கிக்கொண்டு தன் எம்.ஓ.டி.யைப் பதிந்துவிடும், பழைய வங்கியின் ரசீதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடும். பதினைந்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போதுதான் அந்த வரி முளைக்கும். அதற்குள் பழைய வங்கி இன்னொன்றோடு இணைந்திருக்கும். 2020 ஏப்ரலில் பல பொதுத்துறை வங்கிகள் இணைந்த பிறகு, கிளையே இல்லாத கிளையின் கோப்பைத் தேடி அலைபவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் மண்டல அலுவலக வாசலில் ஒரு நாள் நின்று பாருங்கள்.

கடன் இருக்கும் வீட்டை விற்பவர் நிலைதான் பெரும் சிக்கல். வாங்குபவரின் வங்கி உங்கள் பெயருக்கே டி.டி. எடுத்துத் தரும். ஆனால் அதற்கு முன் பாக்கித் தொகைக் கடிதமும், உங்களிடம் உள்ள பத்திரங்களின் பட்டியலும் கேட்கும். கடிதத்தை ஒரு வாரத்தில் தருகிறீர்கள், அதில் உள்ள தொகையோ சில நாள்தான் செல்லும். டி.டி. வருவதற்குள் வட்டி ஏறிவிடும், இருநூறு முந்நூறு ரூபாய் குறைகிறது என்று கணக்கை முடிக்காமல் வைத்திருப்பீர்கள். கணக்கு முடியாவிட்டால் பத்திரம் இல்லை, பத்திரம் இல்லாவிட்டால் ரசீது இல்லை. அனுபவப்பட்டவர்கள் டி.டி.யோடு பத்து நாள் வட்டியைக் கூடுதலாகக் கட்டி, மிச்சத்தைத் திரும்பக் கேட்கிறார்கள். அந்த மிச்சம் திரும்பி வந்த கதையை இன்னொரு மடலில் எழுதலாம்.

கடன் கொடுக்கும்போது உங்களுக்கு இருக்கும் சுறுசுறுப்பைப் பார்த்து வியந்திருக்கிறோம். கடன் தொகையில் 0.5 விழுக்காடு முத்திரைத் தீர்வை, நாற்பது லட்சத்துக்கு 20,000 ரூபாய், பதிவுக் கட்டணம் வேறு, எல்லாம் கடன் வாங்கியவர் செலவு. டோக்கனுக்கு அரை மணி முன்பே உங்கள் அதிகாரி ஆஜர். கூடவே காப்பீட்டுப் படிவத்திலும் கையெழுத்து வாங்கிவிடுவார், படிக்கக்கூட நேரம் தராமல். அதே அதிகாரிக்குக் கடன் தீர்ந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வழி மறந்துபோகிறது.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது பெரிய காரியம் அல்ல. ஒவ்வொரு கிளைக்கும் பவர் பெற்ற அதிகாரி இருவராவது இருக்கட்டும். ஒருவர் மாற்றலானால் மற்றவர் வரலாம். வாரத்தில் ஒரு நாளை ரசீதுப் பதிவுக்கென்று ஒதுக்கி, அதைக் கிளையில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். கணக்கை முடிக்கும் அன்றே எத்தனை எம்.ஓ.டி. உண்டு என்று வில்லங்கம் போட்டுப் பார்த்து, அத்தனைக்கும் ரசீது எழுதுங்கள். கடன்தாரர் இறந்திருந்தால் வாரிசுகள் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பதை ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். வாரிசுச் சான்றோடு வந்தவரை மறுநாள் வேறொன்றுக்காகத் திருப்பி அனுப்பாதீர்கள்.

மேலே சொன்ன அந்த ரசீதுக்கு அடுத்த செவ்வாய் நான்காவது டோக்கன் போட்டிருக்கிறது. தயவுசெய்து ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பத்திரம் எழுதுவோரும் சட்டக் கருத்து எழுதுவோரும் சிலர்