பிளாஸ்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: பெட்ரோல் பங்கில் எத்தனால் அளவை எழுதிவைக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எத்தனால் (கரும்பு, சோளத்திலிருந்து எடுக்கும் ஆல்கஹால்) கலந்த பெட்ரோல் பற்றி யார் வாயைத் திறந்தாலும் பேச்சு மைலேஜில் போய் நின்றுவிடுகிறது. மைலேஜ் குறைவது உண்மைதான். பெட்ரோலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் எத்தனாலில் இருக்கிறது, 20 சதவீதம் கலந்தால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது டேங்க் பற்றி, அதிலும் பிளாஸ்டிக் டேங்க், பைபர் டேங்க் பற்றி. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் ரோட்டில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தக் கடற்கரையில் டேங்க் கெட்டு வரும் வண்டிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு இரும்புத் தகடு டேங்க்தான், அதனால் "நமக்கு என்ன" என்று பலர் நினைக்கலாம். ஆனால் பிளாஸ்டிக் டேங்க் வண்டிகள் இங்கே வராமல் இல்லை. அரிச்சல்முனை பார்க்க வெளியூரிலிருந்து பெரிய இறக்குமதி பைக்கில் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். கீழக்கரை, தொண்டி பக்கம் சபர் (வெளிநாட்டு வேலைக்கு) போயிருக்கும் பிள்ளைகள் லீவில் வரும்போது ஓட்டுவதற்கென்று ஆசையாக வாங்கிய வண்டிகள் வீட்டு ஷெட்டில் நிற்கின்றன. அப்புறம் ஆல்டர் செய்த வண்டிகள், பழைய வண்டிக்குக் கம்பெனி டேங்கைக் கழற்றிவிட்டு அழகுக்காக பைபரில் டேங்க் செய்து மாட்டியவை. இந்த மூன்று வகையிலும் கோளாறு ஒன்றல்ல, வைத்தியமும் ஒன்றல்ல. இது தெரியாமல்தான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

பிளாஸ்டிக் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. டேங்கைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தால் பெரும்பாலும் அது எந்தப் பிளாஸ்டிக் என்று சின்ன ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். பி.இ. என்று இருந்தால் பாலிஎத்திலீன். கார் டேங்க், வெள்ளை கேன் எல்லாம் அந்தக் குடும்பம்தான். எத்தனால் அதைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. பெட்ரோல் ஆவி மெல்ல மெல்லக் கசிந்து வெளியே வருவதால் மேலே ஒட்டிய ஸ்டிக்கர் குமிழ் குமிழாக எழும்பும், அவ்வளவுதான். பி.ஏ. என்று இருந்தால் அது நைலான். பிரச்சினை இங்கேதான். நைலான் இயல்பாகவே தண்ணீரை உறிஞ்சும், ஆல்கஹாலையும் உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்ச வீங்கும். முதலில் கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் சர்வீசுக்காக டேங்கைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டும்போது போல்ட் ஓட்டை நேருக்கு நேர் உட்காராது. இன்னும் முற்றினால் ஹேண்டில்பாரை முழுசாகத் திருப்பும்போது டேங்கில் இடிக்கும், பெயின்ட் அலை அலையாக எழும்பும், பெட்ரோல் பம்ப் உட்காரும் இடத்தில் வாஷர் சரியாகப் பிடிக்காமல் கசிய ஆரம்பிக்கும். கசிவது சூடான இன்ஜின் மேல். இது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இது நம் ஊரில் முளைத்த புது வியாதியும் இல்லை. அமெரிக்காவில் 10 சதவீதக் கலப்புக்கே டுகாட்டி வண்டிகளின் நைலான் டேங்குகள் வீங்கி, வாடிக்கையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டு, கடைசியில் சமரசமாக டேங்குக்கு உத்தரவாதக் காலத்தை நீட்டிக் கொடுத்தார்கள். நாம் இப்போது போடுவது 20 சதவீதம். பத்து லிட்டர் நிரப்பினால் இரண்டு லிட்டர் எத்தனால். அதோடு வருஷம் முழுக்க ஈரமும் உப்பும் கலந்த காற்று.

ஷெட்டில் நிற்கும் வண்டிகளுக்கு வருகிறேன், ஏனென்றால் அதிகம் பாழாவது அவைதான். மகன் துபாய்க்கோ சவுதிக்கோ கிளம்பும்போது பாதி டேங்க் பெட்ரோலோடு நிறுத்திவிட்டுப் போகிறார், திரும்பி வர வருஷம் ஆகிறது, சில நேரம் இரண்டு வருஷம். இடையில் அத்தாவோ மாமாவோ நல்ல எண்ணத்தில் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுகிறார். அது டேங்குக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. இரும்பு டேங்க் என்றால் பெட்ரோலை வாய் வரை நிரப்பி நிறுத்தச் சொல்வேன். உள்ளே காற்றுக்கு இடம் கொடுத்தால் இந்தக் கடற்கரையில் துரு பிடிக்க ரொம்ப நாள் வேண்டாம். நைலான் டேங்குக்கு நேர் எதிர். சொட்டுக்கூட விடாமல் வடித்துவிட்டு, மூடியைத் திறந்து நன்றாக உலரவிட்டு, மெல்லிய துணி கட்டிக் காலியாக நிறுத்த வேண்டும். பெட்ரோலோடு ஊறிக்கொண்டே நிற்கும் டேங்க்தான் வீங்குகிறது. இரும்பு டேங்குக்குச் சொன்ன புத்தியைக் கேட்டு நைலான் டேங்கை நிரப்பி நிறுத்திய ஒரு தம்பியின் வண்டியில், அவர் வந்து பார்த்தபோது டேங்கின் முன்பக்கம் சேஸில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. தவறு அவருடையது இல்லை. வாங்கும்போது யாரும் அவரிடம் சொல்லவில்லை.

வீங்கிய டேங்கை உடனே தூக்கிப் போட வேண்டாம். கழற்றி, பம்பையும் எடுத்துவிட்டு, காற்றோட்டமான நிழலில் வாரக்கணக்கில் உலரவிட்டால் பெருமளவு பழைய அளவுக்குச் சுருங்கும், முழுசாகத் திரும்புமா என்பது எவ்வளவு நாள் ஊறியது என்பதைப் பொறுத்தது. அடுப்படிப் பக்கம் வைக்காதீர்கள், ஹீட் கன் பிடிக்காதீர்கள், பக்கத்தில் வெல்டிங் வேலை நடக்கக் கூடாது. காலி டேங்கில் பெட்ரோல் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கிறது. நிறைந்த டேங்கைவிட அது மோசம்.

உலர்ந்த பிறகு உள்ளே எபாக்சி (இறுகிக் கெட்டியாகும் பிசின்) பூச்சு கொடுக்கலாம். எத்தனால் தாங்கும் என்று டப்பாவில் தெளிவாகப் போட்டிருக்கும் இரண்டு பாக எபாக்சியாக இருக்க வேண்டும். நைலான் வழவழப்பாக இருப்பதால் முதலில் நட்டு, போல்ட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கிச் சொரசொரப்பாக்கி, தூசி போகக் கழுவி, மறுபடி முழுசாக உலர்த்தி, பம்ப் உட்காரும் இடத்தையும் மூடி வாயையும் டேப் ஒட்டி மறைத்து, அப்புறம்தான் ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்ட வேண்டும். மிஞ்சியதை வடித்துவிட்டு, டப்பாவில் சொன்ன நாள் வரை இறுக விட வேண்டும். "நாளைக்கே வண்டி வேணும்" என்று அவசரப்படுத்தினால் பூச்சு உரிந்து பெட்ரோல் பம்பை அடைக்கும். பாலிஎத்திலீன் டேங்கில் இந்த வேலையைச் செய்யச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தப் பிளாஸ்டிக்கில் எதுவும் ஒட்டாது, அதற்கு அது தேவையும் இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம் கடற்கரையில் பாம்பன் தொடங்கி தொண்டி வரை பைபர் படகுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டுகிற கைகள் நிறைய உண்டு, நல்ல வேலைக்காரர்கள், ஓட்டை விழுந்த வள்ளத்தை ஒரே நாளில் கடலுக்குத் தயார் செய்து கொடுப்பவர்கள். அதனால் டேங்கில் விரிசல் என்றால் நம் ஆட்கள் நேராக அங்கே கொண்டுபோகிறார்கள். அவரும் கையில் இருக்கும் ஜி.பி. ரெசினை, அதாவது படகுக்குப் போடும் சாதாரண பாலியஸ்டர் பிசினைக் கலந்து, மேட் வைத்து, அன்றே ஒட்டிக் கொடுத்துவிடுகிறார். ஆல்டர் வண்டிகளின் பைபர் டேங்க்கூடப் பல இதே பாலியஸ்டர் ரெசினில் செய்ததுதான். அந்த ரெசின் கடல் தண்ணீருக்கு நின்று பிடிக்கும், எத்தனாலுக்கு நிற்காது. மெல்ல இளகிப் பிசினாகிப் பெட்ரோலோடு கரைந்து கார்புரேட்டருக்கும் இன்ஜெக்டருக்கும் போகிறது, வால்வில் கறுப்பாக ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்காவில் 2000-களின் நடுவில் எத்தனால் பெட்ரோல் பரவியபோது பழைய உல்லாசப் படகுகளின் பைபர்கிளாஸ் டேங்குகளுக்கு நடந்தது இதேதான், டேங்கே கரைந்து இன்ஜினைக் கெடுத்தது. எனவே படகு ரெசினால் டேங்கை ஒட்டாதீர்கள். ஒட்டுகிற அண்ணன்மாரும் தயவுசெய்து "இது டேங்குக்கு ஆகாது" என்று திருப்பி அனுப்புங்கள். சோப்பு தேய்த்து அடைப்பதெல்லாம் பட்டறை வரை வந்து சேர்வதற்கு மட்டும். பாலியஸ்டர் பைபர் டேங்க் மாட்டியிருப்பவர்கள் பழைய கம்பெனி டேங்க் பரணில் கிடந்தால் அதையே திரும்ப மாட்டிவிடுவது நல்லது.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எத்தனால் தண்ணீரைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும், ஆனால் ஓர் அளவுக்குத்தான். 10 சதவீதக் கலப்பில் லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லி. 20 சதவீதத்தில் இன்னும் கூடுதலாகத் தாங்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். குழாய் பெட்ரோலை எடுப்பதும் அடியிலிருந்துதான், வண்டி உதறி நின்றுவிடும். இந்தத் தண்ணீர் காற்றிலிருந்து மட்டும் வருவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அதிகம் வருவது மூடி வழியாக. டேங்க் மூடியைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், மேலே விழும் மழைத் தண்ணீர் அதன் வழியாக ஒரு டியூபில் இறங்கிக் கீழே ஒழுகிவிடும். தனுஷ்கோடி ரோட்டில் கச்சான் காற்றில் பறக்கும் மணல் அந்த ஓட்டையை அடைத்துவிடும். அப்புறம் மழை பெய்தாலும் சரி, வாட்டர் சர்வீஸ் செய்தாலும் சரி, தண்ணீர் மூடியைச் சுற்றித் தேங்கி வாஷரைத் தாண்டி உள்ளே இறங்குகிறது. மெல்லிய கம்பியால் அந்த ஓட்டையை அவ்வப்போது குத்திவிடுங்கள். செலவே இல்லாத வேலை இது.

டேங்கோடு சேர்ந்த ரப்பர் டியூப், ஓ-ரிங், மூடி வாஷர் இவற்றையும் மாற்றும்போது எத்தனால் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்ட்டில் சொன்னது. கடற்கரை வெயிலிலும் உப்பிலும் அதற்கு முன்பே பார்த்துவிடுவது உத்தமம். வெளியே மாட்டும் பெட்ரோல் இன்ஜின் வைத்திருக்கும் மீனவர்களும் டேங்கிலிருந்து போகும் டியூபையும் பெட்ரோல் ஏற்ற அமுக்கும் கைப் பல்பையும் அழுத்திப் பாருங்கள், விறைத்துப் போயிருந்தால் நடுக்கடலில் வெடிப்பு விடும்.

எத்தனாலே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. கரும்பும் சோளமும் போடுகிற விவசாயிக்கு அதில் நாலு காசு கிடைத்தால் எனக்கும் சந்தோஷம்தான். 2003-இல் சில மாநிலங்களில் 5 சதவீதமாகத் தொடங்கியது, 2022-இல் 10 ஆனது, 2023 பிப்ரவரியில் 20 வந்தது, 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகளைத்தான் அதற்கேற்ற பாகங்களோடு செய்கிறார்கள். அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர் என்ன செய்வது? பங்குக்குப் போனால் எத்தனை சதவீதம் என்று கேட்டால் பெட்ரோல் போடும் தம்பிக்கே தெரிவதில்லை. எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும், பங்கில் அளவைத் தெரியும்படி எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டுப் போன பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. சரி, நீதிமன்றம் தலையிடவில்லை என்பதால் எண்ணெய் கம்பெனிகள் தாமாக ஒரு பலகை வைக்கக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லையே. சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை போடுகிற நாட்டில் பெட்ரோல் பம்பில் ஒரு வரி எழுத என்ன கஷ்டம்?

கேட்பது பெரிய விஷயமே இல்லை. மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு பங்கிலும் எத்தனால் சதவீதத்தைத் தமிழில் பெரிதாக எழுத வேண்டும். வண்டி விற்பவர்கள் டேங்க் எந்தப் பொருளில் செய்தது, நாள்கணக்கில் நிறுத்தினால் நிரப்புவதா வடிப்பதா என்பதைத் தமிழில் ஒரு தாளில் கொடுக்க வேண்டும். கடலோரத் தாலுகா ஒவ்வொன்றிலும் ஒரு பங்கிலாவது பழைய வண்டிகளுக்காகக் கலப்பு குறைந்த பெட்ரோல் வைக்க வேண்டும். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் இதை மனுவாகக் கொடுக்கப் போகிறேன். வீங்கிய டேங்க், கரைந்த டேங்க் வைத்திருப்பவர்கள் அதைப் படமெடுத்து, வண்டி எந்த வருஷம், எத்தனை நாள் நின்றது என்று எழுதி நீங்களும் தனித்தனியாக மனு கொடுங்கள். ஒரே மனுவாகப் போனால் ஒரே கோப்பில் முடங்கிவிடும்.

இப்படிக்கு,
டூவீலர் மெக்கானிக் ஒருவர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்