மார்க்கிராஃபுக்கு ஒரு கடிதம்: உங்கள் மித்து பொய்யில்லை

மதிப்பிற்குரிய கேயோர்க் மார்க்கிராஃப் ஐயா,

பிரேசிலின் செடிகொடிகளையும் பறவை விலங்குகளையும் பார்த்து நீங்கள் எழுதிய குறிப்புகள் புத்தகமாகிவிட்டன. 1648ல் ஹாலந்தில் அச்சானது. அதற்குச் சில வருடம் முன்பே, முப்பது சொச்சம் வயதில், நீங்கள் ஆப்பிரிக்காவின் லுவாண்டாவில் இறந்துபோனதால் இந்தச் சேதி உங்களுக்கு வந்து சேர்ந்திருக்காது. வேறு யாராவது தங்கள் பெயரில் போட்டுக்கொள்வார்கள் என்று பயந்து சங்கேத எழுத்தில் எழுதி வைத்தீர்களே, அதை யோஹானஸ் டி லாட் உட்கார்ந்து உடைத்துப் படித்துப் பதிப்பித்தார். பிரேசிலில் உங்களோடு இருந்த மருத்துவர் வில்லம் பிசோவின் பெயரும் அட்டையில் இருக்கிறது. அதைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றும் என்று தெரிந்தே, மேலே எதுவும் சொல்லாமல் விடுகிறேன்.

நான் எழுத வந்தது அதில் வரும் ஒரு பறவையைப் பற்றி. பிரேசிலின் வடகிழக்குக் கரையோரம் நீங்கள் பார்த்து எழுதிய மித்து. குராசோ என்று இன்று உலகம் சொல்லும் கூட்டத்தில் ஒன்று. கோழி, மயில், கௌதாரிக்கெல்லாம் தூரத்துச் சொந்தம். 1766ல் லின்னேயஸ் உங்கள் எழுத்தை நம்பி அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அப்புறம்தான் தொல்லை. அருங்காட்சியகம் எதிலும் அதன் தோலோ எலும்போ இல்லை. அமேசான் காட்டில் ஏறக்குறைய இதே சாயலில் இன்னொரு குராசோ இருக்கிறது. அதைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும், இடத்தை யாரோ குழப்பிவிட்டார்கள் என்று பின்னால் வந்த பல நிபுணர்கள் முடிவு கட்டினார்கள். கரையோரக் காட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். நூலகத்திலேயே வேலை முடிந்துவிட்டது.

1951ல் ஒலிவேரியோ பின்டோ என்ற பிரேசில் பறவையியலாளர் அலகோவாஸ் மாநிலத்தின் சாவ் மிகேல் தோஸ் கம்போஸ் காட்டுப் பக்கம் போனார். அவர் கைக்கு ஒரு பெட்டை வந்து சேர்ந்தது. நீலம் மின்னும் கறுப்பு உடம்பு, வயிற்றடியில் செம்பழுப்பு, பக்கவாட்டில் தட்டையான சிவப்பு அலகு, அதன் நுனி வெள்ளை, சிவந்த கால்கள், வால் நுனியில் வெளிர் பழுப்பு. காதைச் சுற்றி மட்டும் இறகில்லாமல் தோல் வெறுமையாகத் தெரியும். அமேசான் பறவைக்கு அந்த வழுக்கை கிடையாது. முந்நூறு வருடம் கழித்து நீங்கள் சொன்னது சரி என்றானது.

சுமார் மூன்று கிலோ எடையுள்ள பறவை இது. பெரும்பாலும் தரையில் நடந்து உதிர்ந்த பழம் பொறுக்கும். அது தின்றதாகத் தெரியவந்த பழங்களில் நம் நெல்லிக்கும் நாவலுக்கும் சொந்தக்காரச் செடிகளின் பழங்கள் உண்டு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் அந்த இரண்டையும் விடமாட்டார்கள். இரவில் தூங்குவதும் கூடு கட்டுவதும் மரத்தின் மேல். குராசோக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது குஞ்சுக்குத் தீனி கொடுக்கும் விதம். கோழி தரையைக் கிளறிவிட்டுக் கொக்கரித்துக் கூப்பிடும், குஞ்சே பொறுக்கிக்கொள்ள வேண்டும். குராசோ அலகு நுனியில் பழத்துண்டைப் பிடித்துத் தலையைத் தாழ்த்தி நீட்டும். குஞ்சு எட்டி அதை வாங்கிக்கொள்ளும். குஞ்சும் லேசுப்பட்டதல்ல. பிறந்த சில நாட்களிலேயே கிளைக்குத் தாவி ஏறிவிடும்.

இனி நீங்கள் கேட்க விரும்பாத பகுதி. உங்களைப் பிரேசிலுக்கு அழைத்துப் போனது எது? டச்சுப் பிரேசிலின் ஆளுநர் யோஹான் மௌரிட்ஸ் பிரபுவின் அறிவு ஆசை என்று புத்தகங்களில் போடுகிறார்கள். அந்த ஆசைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? டச்சுக்காரர்களின் மேற்கிந்தியக் கம்பெனி 1630ல் பிரேசிலின் வடகிழக்கிலுள்ள பெர்னம்புகோவைப் பிடித்ததே சர்க்கரைக்காக. (இதே காலத்தில் அவர்களுடைய இன்னொரு கம்பெனி எங்கள் பழவேற்காட்டில் கோட்டை போட்டுத் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்தது.) கரும்புத் தோட்டத்துக்கு அடிமைகள் வேண்டும் என்று 1641ல் லுவாண்டாவையும் பிடித்தார்கள். நீங்கள் கடைசியாகப் போய் இறங்கிய ஊர் அதுதான். பெர்னம்புகோவின் ரெசிஃபே நகரில் உங்கள் வானாய்வுக்கூடம், உங்கள் வரைபடங்கள், உங்கள் மித்து எல்லாம் அந்தக் காசில் வந்தவை. உங்கள் வேலை அதனால் மட்டமாகிவிடாது. ஆனால் உங்கள் பறவையின் கதையைக் கரும்பை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

ஏனென்றால் காட்டைத் தின்றதும் கரும்புதான். நாங்கள் குதிரையை விட்டு இயந்திர வண்டிக்கு மாறிவிட்டோம். அது ஓட எரிபொருள் வேண்டும். 1975ல் பிரேசில் அரசு கரும்பிலிருந்து ஆல்கஹால் எடுத்து அந்த வண்டிகளை ஓட்டும் திட்டத்தைத் தொடங்கியது. அலகோவாஸ் சமவெளியில் மிச்சமிருந்த காடும் வேகமாக வயலானது. எஞ்சிய துண்டுகளில் வேட்டைக்காரர்கள். 1980களின் இறுதிக்குள் காட்டில் மித்து இல்லை.

அதற்குச் சற்று முன்னால் பெத்ரோ நார்டெல்லி என்பவர் வந்தார். ரியோவில் பறவை வளர்ப்பவர். 1970களின் பிற்பகுதியில், வெட்டு விழுந்துகொண்டிருந்த அந்தக் காட்டிலிருந்து ஐந்து மித்துக்களைப் பிடித்துக் கூண்டுக்குக் கொண்டுபோனார். காட்டுப் பறவையைக் கூண்டில் அடைப்பது எனக்குப் பிடிக்காத காரியம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம்தான் நிற்பேன். விட்டிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஐந்தில் இனம் பெருக்கியவை மூன்றே மூன்று: ஒரு சேவல், இரண்டு பெட்டைகள். இன்று உயிரோடிருக்கும் ஒவ்வொரு மித்துவும் அந்த மூன்றின் வழி வந்தது.

நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே ஜோடி சேர்ந்தால் என்ன ஆகும் என்று பயந்து, 1990 முதல் சிலவற்றை அந்த அமேசான் குராசோவோடு சேர்த்தார்கள். உங்களை எதைப் பார்த்துக் குழம்பினவர் என்றார்களோ, அதே பறவையோடு! பிறகு எது அசல், எது கலப்பு என்று மரபணுச் சோதனை வைத்துப் பிரிக்க வேண்டியதானது. 2008 வாக்கில் கூண்டுகளில் நூற்று முப்பது போல இருந்தன, கலப்புகளையும் சேர்த்து. அசல்தான் காட்டுக்குப் போக வேண்டும் என்பது முறையான நிலைப்பாடு, எனக்கும் அது புரிகிறது. ஆனாலும் அசல் போதாமல் போகும் நாள் வந்தால், காலி காட்டைவிடப் பழம் பொறுக்கித் திரியும் ஒரு கலப்புப் பறவை மேல் என்பேன்.

2019 செப்டம்பரில் மூன்று ஜோடிகள் அலகோவாஸ் காட்டுக்குத் திரும்பின. தலைநகர் மசேயோவுக்குப் பக்கத்தில் ரியோ லார்கோவில், பாதுகாக்கப்பட்ட ஒரு தனியார் காடு. யாருடையது தெரியுமா? ஒரு சர்க்கரை ஆலையுடையது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால் வேறு எங்கே விடுவார்கள்? அந்தக் கரையோரத்தில் மிஞ்சிய மரக்கூட்டங்களில் நிறைய ஆலைகளின் நிலத்தில்தான் இருக்கின்றன.

ஆறு பறவைகளை வைத்து இனம் பிழைத்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. இன்னும் பல தடவை கொண்டுவந்து விட வேண்டும். துப்பாக்கியோடு வருபவர்களை நிறுத்த வேண்டும். கூண்டில் பிறந்து வளர்ந்தவை எந்தக் காயைத் தின்னலாம், எதைக் கண்டு மரமேற வேண்டும் என்று தாங்களாகவே கற்றுக்கொள்ள வேண்டும். காட்டில் அது எப்படி வாழ்ந்தது என்று நிதானமாக உட்கார்ந்து பார்த்து எழுதியவர்கள் அநேகமாக யாருமில்லை, அதனால் இப்போது வளர்ப்பவர்களுக்கும் கேட்க ஆளில்லை. இறகையும் அலகையும் இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த நீங்கள் லுவாண்டாவுக்குக் கப்பல் ஏறாமல் இன்னும் பத்து வருடம் ரெசிஃபேயிலேயே இருந்திருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பறவைப் பக்கங்களின் வாசகன்